இருபது ஆம்பியர் ஸ்விட்ச் ஏன் உருகியது?

பழைய டீசல் வண்டியைச் சமையல் எண்ணெயில் ஓட்டுகிறவர்கள் இத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இந்த வாரம் அவர்கள் கடிதங்கள் மட்டும்.

கேள்வி: ஜீப்பில் இரண்டு டேங்க் கிட் (ஒன்றில் டீசல், மற்றதில் சமையல் எண்ணெய்) போட்டிருக்கிறேன். இன்ஜின் சூடானதும் ஸ்விட்சைத் தட்டி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தட்டினால் ஸ்விட்சில் விளக்கு எரிகிறது, வண்டியோ டீசலிலேயே ஓடுகிறது. வால்வு போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். விளக்கு எரிந்தால் ஸ்விட்ச் வரை கரண்ட் வருகிறது, அவ்வளவுதான். இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, சொலினாய்டு வால்வின் (கரண்ட் வந்ததும் டீசலிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் வால்வு) மேல் கையை வைத்துக்கொண்டு வேறு யாரையாவது ஸ்விட்சைத் தட்டச் சொல்லுங்கள். டக்கென்று ஒரு துடிப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வால்வின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். பன்னிரண்டு வோல்ட் முழுசாக வந்தும் துடிக்கவில்லை என்றால்தான் வால்வு செத்தது. வோல்ட் குறைந்தால், வால்வின் எர்த் முனையிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக ஒரு வயர் இழுத்துப் பாருங்கள். துடித்துவிட்டதா? பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முறுக்குங்கள்.

கேள்வி: ஃபியூஸ் அடிக்கடி போனது. 15 ஆம்பியரை எடுத்துவிட்டு 30 போட்டேன். இப்போது போவதில்லை. சரிதானே?

பதில்: அடுத்து வண்டி போகும்.

கேள்வி: எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டருக்கு வீட்டில் மிச்சமிருந்த 20 ஆம்பியர் ஸ்விட்சைப் போட்டேன். இரண்டே வாரத்தில் உருகிவிட்டது. கம்பெனி மேல் கேஸ் போடலாமா?

பதில்: போடலாம், தோற்பீர்கள். அந்த ஸ்விட்சின் முதுகில் 240 வோல்ட் என்று எழுதி, பக்கத்தில் ஒரு வளைகோடு இருக்கும். ஏசி என்று அர்த்தம். வீட்டுக் கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஸ்விட்சை அணைக்கும்போது எழும் பொறி தானே செத்துவிடும். பேட்டரியின் டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. பொறி காண்டாக்டைக் கரிக்கும், ஜீப்பின் குலுக்கலில் ஸ்குரூ தளரும், அங்கே தடை ஏறும். பத்தில் ஒரு ஓம் ஏறினாலே 20 ஆம்பியரில் 40 வாட் சூடு. டேஷ்போர்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்த மாதிரி.

எனக்கு எரிச்சல் தருவது விற்கிறவர்கள்தான். ஆம்பியரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், ஏசியா டிசியா என்பதைப் பொடி எழுத்தில் ஒளிப்பார்கள். நீல விளக்கின் அழகில் மயங்கி ஆறு ராக்கர் ஸ்விட்ச் வாங்கியவன் நான். ஒன்றைப் பிரித்தால், உள்ளே காண்டாக்ட் கடுகளவு. மற்ற ஐந்தும் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. ஆகவே ஹீட்டர் கரண்டை எந்த ஸ்விட்ச் வழியாகவும் விடாதீர்கள். 40 ஆம்பியர் வண்டி ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி) ஒன்று வாங்கி, அதில் எண் போட்ட முனைகளில் 30-லும் 87-லும் ஹீட்டர் லைனையும், 85-லும் 86-லும் ஸ்விட்ச் லைனையும் கொடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும்.

கேள்வி: என் 2019 காமன் ரெயில் (டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் புது வகை இன்ஜின்) காரிலும் இந்தக் கிட்டைப் போடலாம் என்கிறான் மச்சான்.

பதில்: மச்சான் காரில் போடுங்கள்.

கேள்வி: 18,000 ரூபாய் யுபிஐயில் அனுப்பிக் கிட் வாங்கினேன். படத்தில் இருந்த பர்ஜ் ஸ்விட்ச் (நிறுத்துமுன் பம்பிலுள்ள எண்ணெயை டீசலால் கழுவித் தள்ளும் ஸ்விட்ச்) பெட்டியில் இல்லை. கேட்டதும் வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார். பில்லும் தரவில்லை. நான்தான் முட்டாளோ?

பதில்: இல்லை. பணம் கொடுத்த பொருளைத்தானே கேட்டீர்கள்? யுபிஐ ரசீதும் சாட் படங்களும் சாட்சிக்கு ஆகும், அழித்துவிடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள்.

அதுவரை, வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே டீசலுக்கு மாற்றி ஓட்டுங்கள். பம்பில் எண்ணெய் தங்கி ஆறினால் கெட்டியாகிவிடும், காலையில் ஸ்டார்ட் ஆகாது.