பாட்டி தலைப்பை விட்டு விலகவில்லை

வணக்கம் ஐயா,

நான் சேலத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு படிக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு விரும்பித்தான் சேர்ந்தேன். ‘சேவை செய்ய எதுக்குடி ரெண்டு வருஷம் காசு கட்டிப் படிக்கிற?’ என்று சித்தப்பாவிலிருந்து பக்கத்து வீடு வரை கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு சிறப்புப் பிரிவு எடுக்க வேண்டும். மனிதவளம் எடுத்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். எனக்குச் சமூக மேம்பாடு எடுக்க ஆசை. மருத்துவம், மனநலம் சார்ந்த பிரிவும் இருக்கிறது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில், அமெரிக்க உதாரணங்களோடு இருப்பதால் தடுமாறுகிறேன்.

வாரம் இரண்டு நாள் களப்பணி. எங்கள் குழுவுக்கு ஏற்காட்டில் ஒரு மலைக்கிராமம் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் தன்சுத்தம் பற்றி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தினோம். பறையடித்து வீதி நாடகம் எல்லாம் போட்டும் மக்கள் வரவில்லை. அவ்வளவு அறியாமை. ஒரே ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். அவரும் தலைப்பை விட்டு விலகி முதியோர் பென்ஷன் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். மனம் சோர்ந்துவிட்டது. எந்தப் பிரிவை எடுக்கலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

வி.
அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள வி.,

சித்தப்பாவை விடுங்கள். நீங்கள் எம்.பி.ஏ. படித்தாலும் அவரிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றியும் ரொம்பக் கவலைப்படாதீர்கள். 1936இல் பம்பாயில் டாட்டா பெயரால் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரே ஓர் அமெரிக்கர்தான், கிளிஃபோர்ட் மேன்ஷார்ட். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது, உதாரணமும் கூடவே வந்துவிட்டது. சிகாகோ என்று வரும் இடத்தில் நம் சேலத்துக் குகைப் பகுதியைப் போட்டுப் படியுங்கள். பாதி புரிந்துவிடும்.

பிரிவு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. சில நாளாக நானே மனசுக்குள் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

ஏம்மா, ‘அறியாமை’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! நீங்கள் எழுதியது டிசம்பரில். காப்பிப் பழம் பறிக்கிற காலம். நாடகம் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் நான் சொல்லிவிடுவேன். காலை பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, டீ குடித்து, ஊருக்குள் போய்ச் சேர்ந்தால் பதினோரு மணி. அந்த நேரத்துக்கு ஊரில் யார் இருப்பார்கள்? கைகால் நன்றாக இருக்கிறவர்கள் எஸ்டேட்டில் கூடையோடு நிற்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கை கழுவுவது எப்படி என்று கல்லூரிப் பெண்கள் நடித்துக் காட்டுவதைப் பார்க்க அவர்கள் வரவில்லை. இதில் அறியாமை யாருடையது? எஸ்டேட்டில் வருஷத்தில் எந்த மாதம் வேலை இருக்கும், எந்த மாதம் இருக்காது என்பது தெரியாமல் மலையேறியவர்களுடையதா, இல்லையா?

சுத்தம் பற்றித்தான் பேச வேண்டும் என்றாலும் முதலில் அந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும்.

சரி, கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை. விழிப்புணர்வு என்பது நம் நாட்டில் ஒரு தொழிலாகிவிட்டது. பேனர் அடிக்கலாம், போட்டோ எடுக்கலாம், கணக்கு காட்டலாம். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே சேலத்தில்தான். 2001 கணக்கெடுப்பில்கூட இங்கே ஆறு வயதுவரை உள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். அந்தத் தாய்மார்களுக்குப் பெண் சிசுவைக் கொல்வது பாவம் என்று தெரியாதா? பேரணியில் கோஷம் போட்டவர்களைவிட நன்றாகத் தெரியும். தொட்டில் திட்டத்தின்மேல் எனக்கு விமர்சனம் உண்டு. பெண் பிள்ளை என்றால் விட்டுவிட்டுப் போகலாம் என்று அரசே வாசல் திறந்து வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது அறிவுரை சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போகவில்லை. ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தது.

என் அப்பா நெசவாளி. குகையில் குழித்தறி, தரையில் வெட்டிய குழிக்குள் உட்கார்ந்து நெய்வது. அவருக்குக் காசநோய் வந்தபோது நேரடிக் கண்காணிப்பு முறை சேலத்துக்கு வந்துவிட்டிருந்தது. அப்போதெல்லாம் முதல் இரண்டு மாதம், வாரத்தில் மூன்று நாள் மையத்துக்குப் போய் அங்கே இருப்பவர் கண்முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். அப்பா சில வாரம் போனார். அப்புறம் நின்றுவிட்டார். சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து, மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி அடங்காது, ஆறு மாதமும் முழுசாகச் சாப்பிட வேண்டும் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். வேடிக்கை என்னவென்றால் அப்பாவுக்கு இது மனப்பாடம். எதிர்வீட்டுக்காரர் இருமினால் இதே வசனத்தை ஒரு சொல் மாறாமல் அவருக்குச் சொல்வார். சொல்லிவிட்டு, தான் மட்டும் மருந்துக்குப் போகமாட்டார். விழிப்புணர்வில் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகு ஒரு பெண் வந்தது. உங்களைப் போல எம்.எஸ்.டபிள்யூ. மாணவி, ஆஸ்பத்திரியில் களப்பணி. வெயிலில் வந்து திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தது. மாத்திரை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நெய்யக் கொடுக்கிற பாவு நூல் எத்தனை நாளுக்கு வரும், சேலையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், கூலி கையில் தருவார்களா, கடனில் கழிப்பார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா தறியை விட்டு ஏறாமல் பதில் சொன்னார். அடுத்த வாரமும் வந்தது. அன்றைக்குத்தான், ‘மாத்திரை குடுக்கிற இடத்துக்கு எந்த வீதி வழியாங்க போவீங்க?’ என்று கேட்டது. தறிச் சத்தம் நின்றது. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அந்த வீதிலதாங்க மொதலாளி வூடு’ என்றார்.

விஷயம் அவ்வளவுதான். பாவு கொடுத்து நெய்யச் சொல்லும் அந்த முதலாளி, மாஸ்டர் வீவர், தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாரத்தில் மூன்று நாள் அந்த வழியாகப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்காமல் இருப்பாரா? காசநோய் என்று தெரிந்தால் அடுத்த பாவு வராது. அப்பா கணக்குப் போட்டுப் பார்த்து, இருமலே தேவலை என்று முடிவு செய்திருந்தார். பெற்ற பிள்ளை எனக்கே அது தெரியாது.

அந்தப் பெண் ஒரு நீள நோட்டில் அப்பா சொன்னதை அப்படியே எழுதியது, ‘வூடு’ என்பதைக்கூட வீடு என்று திருத்தாமல். அந்தத் திட்டத்தில் மருந்து கொடுப்பவர் ஆஸ்பத்திரி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குடும்பத்துக்கு வெளியே நம்பிக்கையான யாராகவும் இருக்கலாம். அந்தப் பெண் மேலே பேசி அனுமதி வாங்கி, எங்கள் வீதி டீக்கடைக்காரர் கையில் மாத்திரைப் பெட்டி வரும்படி செய்தது. டீக்கடைக்குப் போகிறவனை யார் என்ன கேட்கப்போகிறார்கள்? அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்து வைப்பார். அப்பா விழுங்கிவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். முழுசாகக் குணமாகி, அதற்கப்புறம் பல வருஷம் நெய்தார்.

சென்னையில் 1956இல் காசநோய் சிகிச்சைக்கு ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு கொடுத்து வைத்தியம் பார்ப்பதற்கும், நெருக்கடியான ஏழை வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிடுவதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959இல் அந்த மையம் சொன்னது. உலகமே வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிடும் முறைக்கு மாறியதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஆனால் வீட்டில் வைத்து வைத்தியம் என்றால் வீட்டுக்குள் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் இல்லையா? மருந்து வேலை செய்வதை டாக்டர் பார்த்துக்கொள்வார். மருந்து வாய்க்குப் போகாததற்குக் காரணம் முதலாளி வீட்டு நாற்காலி என்று கண்டுபிடிக்க ஒரு படிப்பு வேண்டும். சித்தப்பா அடுத்த முறை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பாட்டி. தலைப்பை விட்டு விலகினார் என்கிறீர்கள். தலைப்பு யார் வைத்தது? அன்றைக்கு அந்த ஊரில் உங்களுக்கு வேலை கொடுக்க வந்த ஒரே ஆள் அவர்தான். அவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டுக் காலி மைதானத்துக்கு நாடகம் போட்டிருக்கிறீர்கள்.

முதியோர் உதவித்தொகை 2023இலிருந்து மாதம் 1200 ரூபாய். மலையில் தனியாக இருக்கிற கிழவிக்கு அது அரிசிக்கு மேலான எல்லாம். அவருக்கு என்ன சிக்கல் என்று கேட்டீர்களா? மனுவே போடவில்லையா, போட்டுத் தள்ளுபடி ஆனதா, வந்துகொண்டிருந்தது நின்றதா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஆதாரில் வயதைக் குத்துமதிப்பாகப் போட்டு அறுபதுக்குக் கீழே வந்திருக்கலாம். ரேஷன் கார்டில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் இருக்கலாம். காலமெல்லாம் காப்பிச் செடியோடு கிடந்த கை, மெஷினில் ரேகை பதியாமல் போயிருக்கலாம். மகன் பெயர் கார்டில் இருக்கிறது என்று விசாரணையில் எழுதியிருக்கலாம், அந்த மகன் திருப்பூருக்குப் போய் எத்தனை வருஷம் ஆயிற்றோ. மனு வி.ஏ.ஓ.விடம் நிற்கிறதா, வருவாய் ஆய்வாளரிடம் நிற்கிறதா, சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் மேசையில் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அந்த ஊரில் யாரும் இல்லை. ஏற்காடு தனி வட்டம்தான், தாலுகா ஆபீஸ் மலைமேலேயே இருக்கிறது. ஆனால் பாட்டிக்கு அதுவும் ஒரு நாள் பயணம்.

சாதிச் சான்றிதழ் அடுத்தது. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு (கேரளத்தவர் அல்ல, இந்த மலைவாசிகள்) நம் மாவட்டத்தில் எஸ்.டி. பட்டியலில் இடம் உண்டு. ஈரோடு மாவட்ட மலைகளில் இருக்கிற அதே மக்கள் பட்டியலில் வராமல் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பட்டியலில் இருந்தும், கோட்டாட்சியர் கையெழுத்துக்காகப் பிள்ளைகள் பள்ளியை விட்டு அலைகிறார்கள். பாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இதெல்லாம் தானாக வரும்.

அப்புறம் அந்த அறிக்கை. ‘மக்களிடையே தன்சுத்தம் குறித்த விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது’ என்று எழுதி, மேற்பார்வை ஆசிரியரிடம் கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள். இல்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் பார்த்த களப்பணி நோட்டுகள் நிறைய இந்த ஜாதி. அடுத்த வாரம் நடந்ததை எழுதுங்கள். யாரும் வரவில்லை, பாட்டி ஒருவர் வந்தார், இன்னது கேட்டார், எங்களுக்குப் பதில் தெரியவில்லை என்று. மதிப்பெண் குறையலாம். குறைந்தால் குறையட்டும்.

பிரிவா? மனிதவளம் எடுத்தால் பாவம் ஒன்றும் இல்லை. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 பேர் இருந்தாலே வேண்டும் என்றது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து தொழிலாளிக்கு நல்லது செய்தவர்களும் உண்டு, முதலாளிக்கு ஒற்றனாக இருந்தவர்களும் உண்டு. வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடன் வாங்கிப் படிக்கிறீர்கள் என்றால் சம்பளம் முக்கியம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பாட்டியின் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய மனு ரசீது இருந்தால் அதையும். தாலுகா ஆபீஸில் காரியம் ஆகவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். களப்பணி நாள் திங்கள் இல்லை என்றால் வகுப்புக்கு மட்டம் போடுங்கள். கல்லூரியில் திட்டினால் நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள், ஒரு பிரயோஜனமும் இருக்காது, ஆனாலும் சொல்லுங்கள்.