தண்ணீரில் நின்ற டீசல் கார் மறுபடி ஓடுகிறது, அதை நம்பலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

“கோயமுத்தூர் போயிட்டுத் திரும்பும்போது நல்ல மழைங்க. ரயில்வே பாலத்துக்கு அடியில தேங்கியிருந்த தண்ணியில, முன்னாடி போன பஸ்ஸுக்குப் பின்னாலயே விட்டேன். நடுவுல ‘டக்’குனு ஒரு சத்தம், வண்டி நின்னுபோச்சு. மூணு தடவ செல்ஃப் அடிச்சும் எடுக்கல. தள்ளித்தான் வெளிய கொண்டுவந்தோம். மறுநாள் எங்க மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழட்டி, தண்ணியை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணிட்டார். ஓடுதுங்க. ஆனா ஐடிலிங்ல ஒரு நடுக்கம் இருக்குது, காலைல வெள்ளைப் புகை வருது. சைலன்சர்ல தண்ணி போனதுதான், ஓட ஓடச் சரியாயிரும்ங்கிறார். சர்வீஸ் சென்டர்ல இன்ஜினைப் பிரிக்கோணும்ங்கிறாங்க. அடுத்த வாரம் குடும்பத்தோட பழனி போகோணும், எடுத்துட்டுப் போலாங்களா? இன்சூரன்ஸ் வருங்களா? வண்டி 1248 சிசி டீசல்.”

பழனிக்கு வேறு வண்டியில் போய் வாருங்கள். இந்த வண்டியை இனி ஸ்டார்ட் செய்வதே பரிசோதனைக்காக மட்டும்தான் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் நாலு விஷயங்களும், அதாவது அந்த ‘டக்’ சத்தம், அதற்கப்புறம் செல்ஃப் அடித்தது, ஐடிலிங் நடுக்கம், காலைப் புகை, ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. ஏதோ ஒரு சிலிண்டரில் கனெக்டிங் ராட், அதாவது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி, வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 1248 சிசியை நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 312 சிசி. பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது இத்தனை காற்றும் ஒரு சின்ன இடத்துக்குள் அமுங்க வேண்டும். இந்த வகை டீசல் இன்ஜினில் அமுக்க விகிதம், அதாவது காற்று எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது, சுமார் 17.5 என்று வைத்துக்கொண்டால், மிஞ்சும் இடம் ஏறக்குறைய 19 மில்லிதான். இருமல் மருந்து மூடியில் இரண்டு தடவை ஊற்றினால் அந்த அளவு வந்துவிடும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே போக வழியே இல்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைப் பட்டென்று மூடினால் பைப் லைன் முழுவதும் ‘டம்’மென்று அதிருமே, அதே குணம்தான் இங்கேயும். பெட்ரோல் வண்டியில் அமுக்க விகிதம் குறைவு, இடம் கொஞ்சம் தாராளம். டீசலுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

ஒரு பக்கம் தண்ணீர் தடுக்கிறது. இன்னொரு பக்கம் கிராங்க் தள்ளுகிறது, அதற்குப் பின்னால் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் வேகம், கியரில் இருந்தால் வண்டியின் எடையும் சேர்ந்துகொள்ளும். நடுவில் மாட்டுவது ராட். அது உடைந்து பிளாக்கைக் கிழித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். லேசாக வளைவதுதான் ஆபத்து, ஏனென்றால் வண்டி ஓடும். ராட் நீளம் 1 மில்லிமீட்டர் குறைந்தாலே உங்கள் இன்ஜினில் அந்தச் சிலிண்டரின் அமுக்க விகிதம் 17.5-லிருந்து 15-க்குக் கீழே இறங்கிவிடும். மற்ற மூன்றும் ஒழுங்காகச் சுட, இது மட்டும் பின்தங்குகிறது. அதுதான் உங்களுக்கு நடுக்கமாகத் தெரிகிறது. காலைக் குளிரில் அந்தச் சிலிண்டரில் போதிய சூடு வராமல் டீசல் பாதி எரியாமலே வெளியே வரும், அதுதான் வெள்ளைப் புகை. புகையை முகர்ந்து பாருங்கள். வெறும் நீராவிக்கு வாசனை இருக்காது. டீசல் நெடி அடித்தால் விஷயம் சைலன்சரில் இல்லை.

சைலன்சர் பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. ஓடும் இன்ஜின் புகையை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறுவது கடினம். வண்டி நின்று, சைலன்சர் ரொம்ப நேரம் மூழ்கிக் கிடந்தால் தவிர அங்கிருந்து சிலிண்டர் வரை போகாது. தண்ணீர் குடிப்பது முன்பக்கம். முன் கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டருக்கு மேலேயோ, ஹெட்லைட் பக்கமோ ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாயின் வாய் இருக்கும். 2000 ஆர்பிஎம்மில் உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 1200 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. டர்போ வேலை செய்தால் இன்னும் கூடுதல். அந்த வாய்க்கு முன்னால் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் அதையும் அப்படியே இழுக்கும். பஸ்ஸுக்குப் பின்னால் போனீர்கள் அல்லவா, பஸ்ஸுக்கு அந்த வாய் உயரத்தில் இருக்கிறது. அது கிளப்பும் அலை நம் பானெட் மேல் ஏறிவிடும். “ஆக்சிலேட்டரை விடாதே, மிதி” என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் சொல்வதும் இதே வினையைத்தான் கூட்டும்.

சரி, சோதனை. மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழட்டியபோது அது சொட்டச் சொட்ட நனைந்திருந்ததா என்று கேளுங்கள். “தண்ணியை எடுத்தோம்” என்கிறாரே, எங்கிருந்து எடுத்தார்? இன்டர்கூலரிலிருந்தும் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) அதன் குழாயிலிருந்தும் என்றால் தண்ணீர் சிலிண்டரைத் தொட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், பால் காப்பி நிறம் தெரிந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட். ஹீட்டர் பிளக்குகளை (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குபவை) கழட்டி, நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். மூன்று கிட்டத்தட்ட ஒன்றாக நின்று, ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்கச் சம்மதிக்கும் முன் இந்த நாலு எண்களையும் சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டை இறக்கிய பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் அதன் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளப்பார்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அதுதான் ஆள். அளக்கும்போது கூடவே இருந்து பாருங்கள். சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பில் கரி படிந்த ஒரு வளையம் இருக்கும். வளைந்த ராட் உள்ள சிலிண்டரில் பிஸ்டன் ரிங் பழைய உயரத்துக்கு ஏறாததால், பழைய வளையத்துக்குக் கீழே புதிதாக இன்னொரு கறை தெரியும்.

இப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? வளைந்த ராட் பிஸ்டனைக் கோணலாகத் தள்ளும். லைனர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், ஒரு பக்கமாகத் தேயும், ஆயில் குடிக்கும், நீலப் புகை வரும். அது கொஞ்சம் தாங்கும் வழி. தாங்காத வழியில், தாராபுரம் ரோட்டில் 90-ல் போகும்போது ராட் முறிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அப்போது ராட் செலவு முழு இன்ஜின் செலவாக மாறிவிடும்.

இன்னொன்று. நம் பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை. “பிரஸ்ஸில் வைத்து ராட்டை நேராக்கிவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். கை நேர்த்தியில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு தடவை வளைந்த ராட் நேரானாலும் பழைய பலம் அதற்கு வராது. புது ராட், மற்ற மூன்றோடு எடை ஒத்ததாகப் போடச் சொல்லுங்கள். ராட் போல்ட், பேரிங் புதுசு. கிராங்க், லைனர் அளவு பார்த்த பிறகு வேலையை முடிவு செய்யட்டும். இன்டர்கூலரையும் குழாய்களையும் கழட்டி உலர்த்தாமல் இன்ஜினை மூட விடாதீர்கள். அங்கே தேங்கிய தண்ணீர் புது ராட்டையும் வளைக்கும்.

கோவையில் அவினாசி ரோடு பழைய மேம்பாலத்துக்குக் கீழேயும், லங்கா கார்னரிலும், கிக்கானி பள்ளிப் பக்கமும் பெருமழைக்குத் தண்ணீர் நிற்பது பழகிய கதை. சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறும் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். உள்ளே நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல் நியூட்ரலில் தள்ளுங்கள். வெளியே வந்த பிறகு ஹீட்டர் பிளக்கோ இன்ஜெக்டரோ கழட்டி, கிராங்கைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் செல்ஃப்.

இன்சூரன்ஸ் விஷயம் கொஞ்சம் கசப்பு. முழு பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும், ஆனால் அதன் தொடர்விளைவாக வந்த நஷ்டம் அடங்காது என்ற விதி இருக்கிறது. தண்ணீரில் நின்ற வண்டிக்குச் செல்ஃப் அடித்ததால் வந்த சேதம் என்று சொல்லித்தான் பெரும்பாலும் மறுப்பார்கள். பம்பர் டு பம்பர் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் சேர்க்கை) இருந்தாலும் போதாது, ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற தனிச் சேர்க்கை பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். எது இருந்தாலும் இன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், சர்வேயர் வந்து பார்க்கும் முன் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். நடந்ததை மாற்றிச் சொல்லவும் வேண்டாம், பிரித்தால் தெரிந்துவிடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.