பைக்கோட்டிகள் கேள்வி–பதில்: ஜிபிஎஸ் வாங்கலாமா, போன் போதுமா?

நெடுந்தூரப் பயணத்தில் வழி காட்டும் கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: ஈஸ்டர் விடுமுறையில் நண்பர்கள் மூன்று பேர் டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலை வழியாகக் கேப் டவுன் போகிறோம். போனே போதும் என்கிறான் ஒருவன். பைக்குக்கென்று வரும் ஜிபிஎஸ் வாங்கியே தீர வேண்டும் என்கிறான் இன்னொருவன். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. யார் சொல்வது சரி? – வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: என்2ஐ விட்டு இறங்காமல் போவதென்றால் முதல் நண்பர் சொல்வதுதான் சரி. கொக்ஸ்டாட், ம்தாதா, ஈஸ்ட் லண்டன் என்று ஊருக்கு ஊர் பலகை இருக்கிறது. சுமார் 1,650 கி.மீ. தூரத்தில் வழி தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் நகரங்களுக்குள்தான். அதற்காகப் புதுக் கருவி வாங்குவது வீண் செலவு.

ஆனால் போனுக்கு நான்கு பகைகள் உண்டு. முதலாவது வெயில். ஐபோனை 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கரூ என்னும் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் நண்பகலில், சார்ஜும் ஏறிக்கொண்டு திரையும் முழு வெளிச்சத்தில் இருந்தால், போன் சூடேறி முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு தன்னையே நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது மழை. துளி விழுந்தால் விரல் பட்டதாக நினைத்துத் திரை தானே வரைபடத்தை இழுத்துப் போடும். சார்ஜ் துளையில் ஈரம் தெரிந்தால் பல போன்கள் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும். வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் தாங்கி இருந்தால் இந்தச் சார்ஜ் தொல்லை தீரும். மூன்றாவது அதிர்வு. பெரிய எஞ்சின் பைக்கின் கைப்பிடியில் நேராகப் பொருத்தினால் கேமராவின் ஆட்டத் தடுப்பும் ஃபோகஸும் பழுதாகலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. தாங்கிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ரப்பர் வைத்த அதிர்வுத் தணிப்பான் இல்லாமல் போனை மாட்டாதீர்கள். நான்காவது கையுறை, அதை விளக்க வேண்டியதில்லை.

கார்மின் ஜுமோ, டாம்டாம் ரைடர் போன்ற கருவிகளுக்குக் கொடுக்கும் பணம் இந்த நான்கையும் சமாளிக்கத்தான். ஜுமோ எக்ஸ்டியின் நீர்காப்புத் தரம் ஐபிஎக்ஸ்7, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். நேர் வெயிலில் திரை படிக்கக்கூடியதாக இருக்கும், கையுறையோடு தொட்டாலும் கேட்கும். வழி சொல்லும் அறிவில் அது உங்கள் போனை மிஞ்சிவிடாது. நெரிசலைச் சொல்வதில் போன்தான் மேல்.

எங்கள் யோசனை: மூன்று பேருக்கும் மூன்று கருவி எதற்கு? வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைப் பயணத்துக்கென்று ஒதுக்குங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் கார்டு தேவையில்லை. ஆஸ்மாண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியை ஏற்றி, தென்னாப்பிரிக்கா வரைபடம் முழுவதையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு விமானப் பயன்முறையில் வைத்து, ஜிபிஎஸ் இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, கொக்ஸ்டாட்டுக்கு வழி கேளுங்கள். வழி வந்தால் கிளம்பலாம். உங்கள் சொந்த போன் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கட்டும். விழுந்தால் உதவிக்கு அழைக்க வேண்டியது அதுதான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேசிய சாலைப் போக்குவரத்து விதி 308ஏ ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பதைத் தடுக்கிறது. ஆகவே தாங்கியில் மாட்டுங்கள். திருப்பங்களை ஹெல்மெட்டுக்குள் புளூடூத்தில் கேளுங்கள். இலக்கை மாற்ற வேண்டுமானால் ஓரம் கட்டி மாற்றுங்கள்.

கேள்வி: யுஎஸ்பி சார்ஜரை நானே பேட்டரியில் நேராக இணைத்தேன். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. ஓடும்போதும் போன் சார்ஜ் குறைந்துகொண்டேதான் போகிறது. – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு.

முதலாவதற்குச் சின்னக் கணக்கு போதும். வோல்ட் காட்டும் எண் விளக்கோடு வரும் சார்ஜர், போன் மாட்டாவிட்டாலும் 20 மில்லி ஆம்பியர் குடித்தால், ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி, 14 நாளில் ஏழு. பைக் பேட்டரியின் கொள்ளளவே பத்துப் பன்னிரண்டுதான். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும்படி ரிலே, அதாவது மின்சாரத்தாலேயே திறந்து மூடும் சுவிட்ச், ஒன்றைப் போடுங்கள். நான்கு கால் ரிலேயில் 30ஆம் கால் பேட்டரி பாசிட்டிவுக்கு, நடுவில் ஃபியூஸ். 87 சார்ஜருக்கு. 86 சாவி போட்டதும் உயிர் பெறும் வயருக்கு. பின் பார்க்கிங் விளக்கு வயர் வசதி. 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும் இடத்துக்குக் காவல் இருக்காது. போனுக்கு 3 ஆம்பியர் ஃபியூஸே தாராளம்.

வயரைக் கடித்துப் பிடிக்கும் மலிவு கிளிப்புகள் வேண்டாம். உள்ளே இழைகளை நறுக்கிவிடும், சில மாதத்தில் பச்சை பூத்து நிற்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடமும் அதிர்வில் அதன் விளிம்பில் முறியும். கிரிம்ப் செய்து, அதாவது உலோக முனையை வயரோடு அழுத்தி இறுக்கி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுவதே நல்லது. கடைசியில் கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, வயர் இழுபடவில்லை என்று பாருங்கள்.

இரண்டாவது கோளாறுக்குக் காரணம் சார்ஜரின் திறன். முழு வெளிச்சத் திரை, ஜிபிஎஸ், புளூடூத் மூன்றையும் ஓட்டும் போனுக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியராவது வேண்டும். உங்களுடையது 1 ஆம்பியராக இருக்கும். சார்ஜர் சரியாக இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மெலிந்த நீளக் கேபிள் பாதியைத் தின்றுவிடும்.

கேள்வி: நண்பர் அனுப்பிய ஜிபிஎக்ஸ் கோப்பை கார்மினில் ஏற்றினேன். பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து ஸ்வார்ட்பெர்க் கணவாய் வழியாக ஔட்ஸ்ஹூர்ன் என்பது அவர் போட்ட வழி. கருவி எங்களை மெய்ரிங்ஸ்போர்ட் வழியாகக் கொண்டுபோய் இறக்கியது. கோப்பில் பிழையா, கருவியில் பிழையா? – வாசகர், டோங்காட்

பதில்: இரண்டிலும் பிழை இல்லை. கேட்ட விதத்தில்தான் பிழை. இதைப் புரிந்துகொண்டால் ஜிபிஎஸ் தொல்லைகளில் முக்கால்வாசி தீரும் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

பயணப் பாதையைச் சேமித்து ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப உதவும் ஜிபிஎக்ஸ் கோப்புக்குள் மூன்று வகைச் சரக்கு இருக்கலாம். இடப்புள்ளி என்பது ஒரு லாட்ஜ், ஒரு பெட்ரோல் பங்க். வழி, ஆங்கிலத்தில் ரூட் என்பது, சில புள்ளிகளைக் கொடுத்து ‘இவற்றை இணைத்துக்கொள்’ என்று கருவியிடம் சொல்வது. தடம், அதாவது டிராக், நெருக்கமாகப் புள்ளிகள் வைத்து வரைந்த கோடு; கோலத்துக்கு முன்பே இழுத்துவிட்ட கோடு மாதிரி. வழியைக் கொடுத்தால் கருவி தன் வரைபடத்தையும் தன் விருப்பங்களையும் வைத்துப் புதிதாகக் கணக்குப் போடும். தடத்தைக் கொடுத்தால் கணக்குப் போடாது, அப்படியே காட்டும்.

நண்பர் அனுப்பியது வழி. உங்கள் கருவியில் ‘தார் போடாத சாலையைத் தவிர்’ என்ற விருப்பம் விழுந்திருக்கும். 1888இல் திறக்கப்பட்ட ஸ்வார்ட்பெர்க் கணவாய் இன்றைக்கும் சரளைதான். மெய்ரிங்ஸ்போர்ட் வழியே போகும் என்12 தார்ச்சாலை. கருவி சொன்னதைச் செய்திருக்கிறது.

சரிசெய்ய, முதலில் கணினியிலும் கருவியிலும் ஒரே வரைபடம், ஒரே தவிர்ப்பு விருப்பங்கள் இருக்கட்டும். அடுத்து, விடக்கூடாத ஒவ்வொரு சாலையிலும் ஒரு புள்ளி வையுங்கள். சந்திப்பின்மேல் வைக்காமல், சந்திப்பைத் தாண்டி ஓரிரு கிலோமீட்டர் உள்ளே வைக்க வேண்டும். வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கிச் சாலையின் நடுக்கோட்டிலேயே குத்துங்கள். என்2 மாதிரி பிரிந்த சாலையில் புள்ளி எதிர்ப்பக்கத்தில் விழுந்தால், ‘திரும்பு, திரும்பு’ என்று இருபது கிலோமீட்டருக்குப் புலம்பிக்கொண்டே வரும்.

கார்மினில் புள்ளிகளிலும் இரண்டு சாதி. நிறுத்தப்புள்ளியை அடைந்தால் அறிவிப்பு வரும்; அதைத் தொடாமல் கடந்தால் கருவி உங்களைத் திரும்ப அனுப்பப் பார்க்கும். வளைவுப்புள்ளி சத்தமில்லாமல் வழியை இழுத்துப் பிடிக்கும். சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் மட்டும் நிறுத்தப்புள்ளி, மற்றதெல்லாம் வளைவுப்புள்ளி. இதை மறந்துவிட்டு முப்பது நிறுத்தப்புள்ளி வைத்தவர்களின் ஹெல்மெட்டுக்குள் ‘வந்துவிட்டீர்கள்’ என்ற குரல் நாள் முழுக்கக் கேட்கும்.

இதற்கும் மேல் ஒரு காப்பு: அதே பாதையைத் தடமாகவும் சேமித்துப் பளிச்சென்ற நிறத்தில் திரையில் போடுங்கள். கருவியின் வழிக்கோடு தடத்தை விட்டு விலகும் இடத்தில் தடத்தை நம்புங்கள். பழைய கருவிகள் தடத்தில் அளவுக்கு மீறிய புள்ளிகளை வெட்டிவிடும், வெட்டுப்படுவது பெரும்பாலும் கடைசிப் பகுதி. அதனால் நாளுக்கு ஒரு கோப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸிடம் ஜிபிஎக்ஸைக் கொடுத்துத் திருப்பத்துக்குத் திருப்பம் வழி கேட்க முடியாது. அந்த வேலைக்கு ஆஸ்மாண்ட் போன்றவைதான்.

கேள்வி: ஹிம்வில் பக்கத்து லாட்ஜ் ஒன்று ஆயத்தொலைவு அனுப்பியது. போட்டால் 6,600 கி.மீ. தூரம், வழி இல்லை என்கிறது! – வாசகர், வெருலம்

பதில்: மைனஸ் குறியை விட்டிருக்கிறீர்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. அகலாங்குக்கு முன் மைனஸோ ‘எஸ்’ எழுத்தோ இல்லாவிட்டால் வடக்கே எகிப்தில் போய் விழும். டர்பனின் எண்களையே மைனஸ் இல்லாமல் போட்டால் கெய்ரோவுக்குப் பக்கத்தில், பிரமிடுகள் இருக்கும் பகுதிக்குப் போகலாம்.

இதைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு, ஏனென்றால் அது சிரிக்க வைக்காது. பஞ்சாங்கத்தில் வரும் பாகை, கலை, விகலைதான் இங்கேயும். ஒரு பாகைக்கு 60 கலை. சானி கணவாயின் உச்சி தெற்கே 29 பாகை 35.1 கலை. இதை 29.351 என்று தட்டினால், 60ஐ 100 ஆக்கிவிட்டீர்கள் என்று பொருள். புள்ளி வடக்கே 26 கி.மீ. தள்ளி லெசோத்தோ மலைக்குள் விழும். சரியான எண் 29.585. வந்த எண்ணில் எத்தனை பாகம் இருக்கிறது என்று பார்த்து, கருவியின் அமைப்பை அதே வடிவத்துக்கு மாற்றிய பிறகே தட்டுங்கள்.

கேள்வி: கருவியில் கெபெர்ஹா என்று தேடினால் ஊரே இல்லை என்கிறது. – வாசகர், பீனிக்ஸ்

பதில்: வரைபடம் பழையது. பழைய பெயரில் தேடுங்கள்: போர்ட் எலிசபெத். மகாண்டாவுக்கு கிரஹாம்ஸ்டவுன், கோன்சேவுக்கு கிங் வில்லியம்ஸ் டவுன், கரிகாவுக்கு யூட்டன்ஹாக். நம் ஊரிலேயே கிரே ஸ்ட்ரீட்டை டாக்டர் யூசுப் தாது தெரு என்றுதான் புது வரைபடங்கள் அறியும். பலகையில் ஒரு பெயரும் காதில் வேறு பெயரும் கேட்டால் குழம்பாமல், என்2, ஆர்62 என்று சாலை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வரைபடத்தைப் புதுப்பியுங்கள். முந்தைய இரவில் ஆரம்பித்தால் பாதியில் நின்று கருவியே திறக்காமல் போகலாம்.

கேள்வி: கால்வினியாவிலிருந்து செரஸுக்குக் கருவி ஆர்355ஐக் காட்டுகிறது, மூன்று மணி நேரம்தான் என்கிறது. நம்பலாமா? – வாசகர், லெனாசியா

பதில்: சாலையை நம்பலாம், நேரத்தை நம்ப வேண்டாம். சுமார் 250 கி.மீ. சரளை, இடையில் ஊர் கிடையாது. கருவி மணிக்கு 80 கி.மீ. என்று வைத்துக்கொள்கிறது. மூட்டை ஏற்றிய பைக்கில் 50 போனாலே நல்ல வேகம். ஆகவே ஐந்து மணி நேரம். இருட்டுவதற்குள் சேர வேண்டுமானால் காலையிலேயே கிளம்புங்கள். கூர்மையான பலகைக்கல் டயரைக் கிழிப்பதற்குப் பேர்போன சாலை இது. பஞ்சர் பசையும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் நுழையாதீர்கள். டேங்க் முந்நூறு கிலோமீட்டருக்குத் தாங்காவிட்டால் கேனில் ஐந்து லிட்டர் கூட எடுத்துக்கொள்ளுங்கள்.

‘மிகக் குறுகிய வழி’ என்ற விருப்பத்தையும் அணைத்துவிடுங்கள். அது பண்ணைச் சாலைகளில் நுழைத்துப் பூட்டிய கேட்டுக்கு முன் நிறுத்தும். இந்த மாதிரிச் சாலைகளுக்கே நிறைய ஓட வேண்டியிருந்தால் டிராக்ஸ்4ஆப்பிரிக்கா வரைபடத்தை வாங்கிக் கார்மினில் போடலாம். சரளைத் தடங்களும் முகாம்களும் அதில் விரிவாக இருக்கும். சானி வழியாக லெசோத்தோ போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எல்லைச் சாவடி மூடும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல், சாவடி மூடிய பிறகும் கருவி அந்த வழியையே காட்டும்.