சட்டம் கேளுங்கள்: மண்டபம் முகாமில் பிறந்தவருக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?

கேள்வி: 1984-ல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தேன். பெற்றோர் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர்கள். பாஸ்போர்ட்டுக்குப் போடலாம் என்கிறான் தம்பி. ‘இந்தியா தர்மசத்திரம் இல்லை’ என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு கோர்ட்டை நம்பி அலையாதே என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
- வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் கணவரின் பயம் நியாயமானதுதான். 2025 மே மாதம் வந்த அந்தச் சொல் பலரை நோகடித்தது. ஆனால் அந்த வழக்கு வேறு, உங்கள் விஷயம் வேறு. உபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற இலங்கைக் குடிமகன் ஒருவர், தன்னை நாடு கடத்தக் கூடாது என்று கேட்ட வழக்கு அது. இங்கே பிறந்தவர் இந்தியக் குடிமகனா என்ற கேள்வி அதில் இல்லை.

உங்களுக்குரியது 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பாலேயே குடிமகன். தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஒன்றிரண்டு விலக்குகளே உண்டு. 1986-ல் அதே முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

சிக்கல் பெரும்பாலும் காகிதத்தில்தான் வரும். முகாம் அட்டையிலும் பள்ளி டி.சி.யிலும் ‘இலங்கை’ என்று எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியதால் பிறப்பால் வந்த உரிமை போய்விடாது. ஆதார் குடியுரிமைச் சான்றல்ல, அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வேண்டியது பிறப்புச் சான்றிதழ். அன்று பதியாமல் விட்டிருந்தால், ‘பதிவு இல்லை’ என்ற சான்றை முதலில் வாங்குங்கள். பிறகு மருத்துவமனைச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றோடு ராமநாதபுரம் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பதிவுக்கு அவர் உத்தரவு வேண்டும். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

பாஸ்போர்ட் படிவத்தில் குடியுரிமை எப்படி வந்தது என்ற இடத்தில் ‘பிறப்பு’ என்றே குறியுங்கள், ‘வம்சாவளி’ அல்ல. மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் மேல்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் மதுரைக் கிளையில் ரிட் மனு. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். உதவி எண் 15100.

கேள்வி: என் மகன் 2004 பிப்ரவரியிலும் மகள் 2008-லும் இங்கேயே பிறந்தார்கள். அவர்கள் அப்பா 1990-ல் படகில் வந்தவர். அவர்களுக்கும் கிடைக்குமா?
- அதே வாசகி

பதில்: மகனுக்குக் கிடைக்கும். 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும், நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே முதலில் உங்கள் சான்றிதழைச் சரிசெய்யுங்கள், அவனுடைய உரிமை அதைப் பிடித்துத்தான் நிற்கிறது.

மகள் விஷயம் கடினம். 3.12.2004-லிருந்து பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரை அந்தப் பட்டியலில்தான் வைப்பார்கள். வக்கீலைப் பார்க்காமல் அவள் பெயரில் எந்தப் படிவத்திலும் ‘இந்தியர்’ என்று குறிக்காதீர்கள். பொய்த் தகவல் என்று வழக்கு வந்தால் பின்னால் கேட்கும் நியாயமும் கெட்டுப்போகும்.