நீங்கள் அறிந்தவர்களில் மிகச் சிறந்த பாஞ்சோ ஆசிரியர் யார்? ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

பீட் வெர்னிக். யோசிக்காமல் சொல்வேன். அமெரிக்க பாஞ்சோக்காரர்கள் அவரை 'டாக்டர் பாஞ்சோ' என்பார்கள். டாக்டர் என்பது சும்மா ஒட்டிக்கொண்ட பட்டம் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்புக்கும் அவர் பாஞ்சோ சொல்லிக்கொடுக்கும் விதத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விளக்கம். நம் ஊரில் பாஞ்சோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாரா. நான் சொல்வது அது இல்லை. ஐந்து தந்தி உள்ள அமெரிக்க பாஞ்சோ. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள், தங்கள் ஊர் வாத்தியங்களின் நினைவில் சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டி உருவாக்கியதன் வழிவந்த வாத்தியம். நான்கு தந்திகள் முழு நீளம். ஐந்தாவது மட்டும் குட்டை. அதன் முடுக்காணி கழுத்தின் பாதியில் துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இந்த வாத்தியத்தை இன்று பெரும்பாலோர் வாசிக்கும் மூன்று விரல் பாணியை உலகறியச் செய்தவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். வட கரோலினாக்காரர். 1945 டிசம்பரில் மாண்டலின் கலைஞர் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்தார். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையின் முகமே மாறிவிட்டது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் என்ற மீட்டும் உறையை மாட்டிக்கொண்டு, மாறி மாறித் தந்திகளைத் தட்டி, எட்டு எட்டுச் சுரங்களாக உருட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பெயரே ரோல். பாஞ்சோவில் ஒரு சுரம் தட்டியதும் சட்டென்று அடங்கிவிடும், கிட்டார் போல நீண்டு நிற்காது. அதனால்தான் இடைவெளி விடாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும் இந்த முறை அதற்கு அவ்வளவு பொருந்துகிறது.

ஸ்க்ரக்ஸைக் கேட்டு மயங்கியவர்கள் அந்தக் காலத்தில் எப்படிக் கற்றார்கள் தெரியுமா? நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 16 சுற்றில் ஓடவிடுவார்கள். வேகம் பாதியாகும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து ஒவ்வொரு சுரமாகப் பொறுக்குவார்கள். பிறகு டேப்லேச்சர் வந்தது, சுருக்கமாக டேப். எந்தத் தந்தியில் எந்தக் கட்டத்தை அழுத்த வேண்டும் என்று எண்ணாலேயே எழுதிக்காட்டும் முறை. ஐரோப்பிய இசைக்குறியீடு தெரியாதவரும் படித்து வாசித்துவிடலாம். வெர்னிக் 1974-இல் எழுதிய ப்ளூகிராஸ் பாஞ்சோ பாடப் புத்தகமும் அப்படிப்பட்டதுதான். அதைப் படித்துப் பழகிய ஒரு தலைமுறையே இருக்கிறது.

டேப் புத்தகம் எழுதியவர்கள் நிறையப் பேர். வெர்னிக்கிடம் எனக்குப் பிடித்தது, டேப் மட்டும் போதாது என்று கண்டுகொண்டு அதற்காகப் பல வருடம் உழைத்தது.

என்ன போதவில்லை? நான் இருப்பது வட கரோலினாவின் ராலே நகரம். இங்கே வார இறுதிகளில் யார் வீட்டிலாவது, இல்லை ஏதாவது கடையின் பின்கட்டிலாவது ஜாம் நடக்கும். கிட்டார், மாண்டலின், ஃபிடில், பாஞ்சோ, பெரிய பேஸ் என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக நிற்பார்கள். ஒத்திகை கிடையாது. ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்லித் தொடங்குவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அப்படி ஒரு ஜாமுக்கு ஒரு பெரியவர் வருவார். ஓய்வுபெற்றவர், தங்கமான மனிதர். தனியாக வாசிக்கச் சொன்னால் கடினமான பாட்டுகளையெல்லாம் ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பார். எல்லாம் டேப் பார்த்து வருடக்கணக்காக மனப்பாடம் செய்தவை. ஆனால் வட்டத்தில் யாராவது மூன்றே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரக்கூட்டங்கள், மாறி மாறி வரும் ஒரு சாதாரணப் பாட்டைப் பாடினால் அவர் கை அப்படியே நின்றுவிடும். எங்கே மாற வேண்டும் என்று தெரியாது. காரணம், அந்தப் பாட்டுக்கு அவரிடம் டேப் இல்லை. பாஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பார். உழைப்புக்கோ திறமைக்கோ அவரிடம் குறை இல்லை. சொல்லிக்கொடுத்த வரிசைதான் தலைகீழ்.

வெர்னிக் கண்டது இந்த நோயைத்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து வருடக்கணக்காக வாசிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பக்கத்து ஆளோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்க அவர்களால் முடியவில்லை. குழந்தை இலக்கணம் படித்துவிட்டா வீட்டில் பேசத் தொடங்குகிறது? பேசுகிறவர்கள் நடுவில் இருந்து, தப்பும் தவறுமாகப் பேசித்தான் பேச்சு வருகிறது. இசையும் அப்படித்தான் வர வேண்டும் என்பது அவர் கட்சி. தனியாகப் பழகித் தேறிய பிறகு நாலு பேரோடு சேரலாம் என்ற எண்ணத்தையே அவர் புரட்டிப் போட்டார். முதலில் சேர்ந்து வாசி, தேர்ச்சி தானாக வரும்.

சமூகவியல் படித்தவர் என்பதை இங்கேதான் சேர்த்துப் பார்க்கிறேன். ஒரு மனிதனும் ஒரு வாத்தியமும் என்று பார்க்காமல், ஒரு வட்டத்து மனிதர்கள் என்று பார்த்திருக்கிறார்.

1980 வாக்கிலேயே பாஞ்சோ முகாம்கள் நடத்தத் தொடங்கிவிட்டார். அப்புறம் எல்லா வாத்தியக்காரர்களுக்குமான ஜாம் முகாம்கள். வீட்டில் தனியாக இருப்பவர்கள் சேர்ந்து வாசிப்பதற்கென்றே மெதுவான வேகத்தில் வீடியோக்கள். 2010-இல் இந்த முறையையே ஒரு பாடத்திட்டமாக்கி, மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஊர் ஊராக வகுப்பு நடத்த ஏற்பாடு செய்தார். எனக்கு வகுப்பு எடுத்ததும் அப்படி அவர் முறையில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியைதான். ஒருவர் சொல்லிக்கொடுத்ததை இன்னொருவர் அதே பக்குவத்தோடு சொல்லிக்கொடுக்க முடிகிறது என்பதே பெரிய விஷயம். பெரிய வித்வான்கள் பலரிடம் பாடம் அவர்களோடு முடிந்துவிடும்.

வகுப்பில் சேர என்ன தகுதி? சுருதி சேர்க்கத் தெரிய வேண்டும், ஜி, சி, டி, ஏ என்ற நான்கு கார்டுகளைத் தடுமாறாமல் மாற்றத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். ரோல் வராவிட்டாலும் பரவாயில்லை. கட்டைவிரலால் ஒன்று, பிறகு விரல்களைச் சேர்த்து ஒரு கிள்ளல். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க வாசிக்கலாம்.

அந்த வகுப்பில் நான் கற்ற ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எந்த டேப் புத்தகத்திலிருந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. தெரியாத பாட்டு தொடங்கினால் உன் பாஞ்சோவைப் பார்க்காதே, கிட்டார்க்காரரின் இடது கையைப் பார். ஜி பிடித்தால் விரல்கள் அகலமாக விரிந்து இரண்டு ஓரத் தந்திகளையும் தொடும். சி பிடித்தால் சாய்ந்த படிக்கட்டு மாதிரி இறங்கும். டி பிடித்தால் மெல்லிய மூன்று தந்திகளின் மேல் ஒரு சின்ன முக்கோணம். இந்த மூன்று உருவம் கண்ணில் பதிந்துவிட்டால், வாழ்க்கையில் கேட்டே இராத பாட்டையும் முதல் சுற்றில் பார்த்து, இரண்டாவது சுற்றில் கூடவே போய்விடலாம். ஆசிரியை பாதிப் பாட்டில் எங்களைக் கண்ணை மூடச் சொல்வார். அடுத்த மாற்றம் வரப்போவது காதுக்குத் தெரிகிறதா என்று பார்க்க. சில வாரங்களில் தெரியத் தொடங்கியது. அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல எனக்கு வரவில்லை.

பாடகருக்கு ஏ சுருதி வேண்டும் என்றால்? கிட்டார்க்காரர் இரண்டாம் கட்டத்தில் கேப்போ (தந்திகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிக்கொண்டு அதே ஜி, சி, டி உருவங்களைப் பிடிப்பார். நாமும் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் நம் குட்டைத் தந்தி அந்தக் கேப்போவுக்குள் வராது. அதற்கு ஏழாம் கட்டத்தில் ஒரு குட்டி ஆணி அடித்திருப்பார்கள். தந்தியை அதன் அடியில் செருகினால் சுருதி ஏறிவிடும். பொம்மை ரயிலின் தண்டவாளத்துக்கு அடிக்கிற ஆணிதான் அது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அந்த ஆணியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்று, எப்போது அடங்கி வாசிப்பது என்பது. பாஞ்சோ சத்தமான வாத்தியம். ஒருவர் பாடும்போது நாம் முழு வேகத்தில் ரோல் போட்டால் வரிகள் காதில் விழாது. பாடும்போது பின்னணி, நம் முறை வந்தால் மட்டும் முன்னால். பின்னணிக்கு ஒரு வழி வேம்ப்: கார்டைப் பிடித்து, தாளத்தின் எதிரடியில் ஒரு தட்டு, உடனே இடது கையைத் தளர்த்தி ஓசையை அடக்குவது. 'சக், சக்' என்று மட்டும் கேட்கும். கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும், ஆனால் பாட்டைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். ஒரு பாஞ்சோ ஆசிரியர் தன் மாணவரிடம் வாசிக்காமல் இருக்கவும் பழகு என்கிறார் என்றால், அவருக்குத் தன்னைவிடப் பாட்டு பெரிது என்று அர்த்தம். என் மரியாதை அங்கேதான் இரட்டிப்பானது.

இத்தனைக்கும் அவர் மேடையில் சாதாரண ஆள் இல்லை. 1946-இல் பிறந்தவர், நியூயார்க்கில் வளர்ந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் இத்தாக்கா நகரில் 'கன்ட்ரி குக்கிங்' என்ற குழுவில் வாசித்தார். அதே குழுவில் இன்னொரு பாஞ்சோ டோனி ட்ரிஷ்கா. புகழ்பெற்ற பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக்கின் ஆசிரியர் அவர். ஒரே குழுவில் இரண்டு மகா ஆசிரியர்கள்! 1978-இல் கொலராடோவில் 'ஹாட் ரைஸ்' குழுவைத் தொடங்கியவர்களில் வெர்னிக்கும் ஒருவர். பாஞ்சோவின் ஓசையை ஃபேஸ் ஷிஃப்டர் என்ற மின்கருவி வழியாக அலையலையாக வரவிடுவார். பழமைவிரும்பிகள் முகம் சுளித்தார்கள். எனக்கு அது பிடிக்கும். சர்வதேச ப்ளூகிராஸ் இசைச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே, அதுவும் பல வருடங்கள். அந்தச் சங்கத்தின் ஆண்டு விழா 2013 முதல் 2024 வரை எங்கள் ராலேயில்தான் நடந்தது. அந்த நாட்களில் ஹோட்டல் தாழ்வாரம், படிக்கட்டு, லிஃப்ட் வாசல் என்று எங்கே திரும்பினாலும் ஒரு வட்டம் நின்று வாசித்துக்கொண்டிருக்கும். முன்பின் அறியாதவர்கள் பெயர்கூடக் கேட்காமல் நாலு பாட்டு வாசித்துவிட்டுக் கலைந்துபோவார்கள்.

1989 ஜூலை 19 அன்று அயோவாவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்து நொறுங்கியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மனைவி, சின்ன மகனோடு வெர்னிக் அதில் இருந்தார், மூவரும் பிழைத்தார்கள். சில நாட்களிலேயே தன் குழுவோடு மேடை ஏறிவிட்டார். இதைப் படித்த பிறகு, சேர்ந்து வாசிப்பதை அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பரப்புகிறார் என்று நான் கேட்பதில்லை.

சரி, நீங்கள் கற்கப் போகிறீர்கள் என்றால்: வாங்கும்போது ஐந்து தந்தியா என்று பாருங்கள், நான்கு தந்தி பாஞ்சோவும் கடையில் இருக்கும், அதன் பாணியே வேறு. திறந்த ஜி சுருதி சேர்க்கப் பழகுங்கள், ஆரம்பத்தில் ட்யூனர் வைத்துக்கொள்ளலாம். ஜி கார்டுக்கு இடது கையே வேண்டாம், தந்திகளைச் சும்மா தட்டினாலே ஜிதான்; ஆக நீங்கள் கற்க வேண்டியது சியும் டியும். அவை வந்ததும் கிட்டார் தெரிந்த ஒரு நண்பரைப் பிடியுங்கள். மூன்று கார்டில் ஒரு பாட்டை மெதுவாக அவரைப் பாடச் சொல்லி, நீங்கள் கிள்ளல் மட்டும் வாசியுங்கள். நண்பர் கிடைக்காவிட்டால் வெர்னிக்கின் மெதுவான ஜாம் வீடியோக்கள் இருக்கின்றன, இணையத்தில் 'டாக்டர் பாஞ்சோ' என்று தேடினால் கிடைக்கும். ரோல் பயிற்சியை அதற்குப் பக்கத்திலேயே தினமும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள், தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமோடு. ஏதாவது தெரியாமல் நின்றால் கருத்துப் பகுதியில் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.