இன்சார்ஜ் சிஸ்டர் கையில் படிவத்தைக் கொடுக்காதீர்கள்

வேலூரில் எம்.எஸ்சி. ஆய்வுக்கு புரூக்ஸ் படிவத்தை (செவிலியர்களின் பணிவாழ்க்கைத் தரத்தை அளக்கும் 42 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண்) வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் மூலம் கொடுத்து வாங்கியதாகவும், எல்லாரும் 5, 6 என்றே போட்டிருப்பதாகவும், ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) மிகக் குறைவாக வருவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

ஆல்ஃபாவுக்கு முதலில் பார்க்க வேண்டியது எதிர்மறைக் கேள்விகள். 'வேலை முடிந்தால் உடம்பில் தெம்பே இல்லை' என்பதற்கு 6 போட்டிருந்தால் அது 1 ஆக வேண்டும். 7-இலிருந்து கழித்துவிட்டுக் கூட்டுங்கள். 42 கேள்விக்கு மொத்தம் 42 முதல் 252 வரை வரும். நேர், எதிர் இரண்டுக்குமே வரிசையாக 6 போட்ட தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள், அவை படிக்காமல் டிக் அடித்தவை.

மொத்தத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். வீடும் வேலையும் பற்றி 7 கேள்விதான், பணிச்சூழலுக்கு 20. வீட்டுச் சுமை மொத்தத்தில் அமுங்கிவிடும். பிரிவுவாரியாகச் சராசரி எடுங்கள்.

மற்றபடி, டூட்டி போடுகிறவரே படிவத்தை வாங்கினால் யார் உண்மையை எழுதுவார்கள்? பாவம், அடுத்த மாத நைட் டூட்டி அவர் கையில். உடை மாற்றும் அறையில் பூட்டிய பெட்டி வையுங்கள். வார்டு, வயது, அனுபவம் மூன்றையும் கேட்டால் சின்ன ஐ.சி.யூ.வில் ஆளையே கண்டுபிடித்துவிடலாம்; வயதை 5 ஆண்டு வரம்பாகக் கேளுங்கள்.

குடியாத்தம், ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களின் பயண நேரத்தையும் கேளுங்கள், ஆனால் அதை 42-இல் சேர்க்காமல் தனிக் கேள்வியாக.