போர்க்காலத்தில் ஒரு கல்லூரி அணி

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கல்லூரிகளில் அந்நாட்டுக் கால்பந்து ஆட்டம் நின்றுவிட்டதா?

பதில்: பல கல்லூரிகள் அணிகளைக் கலைத்துவிட்டன, ஆனால் கடற்படைப் பயிற்சித் திட்டம் நடந்த நோட்டர் டேம் பல்கலைக்கழகம், 1943-ஆம் ஆண்டுப் போட்டிகளைத் தொடர்ந்து ஆடியது. முதல் ஆறு ஆட்டங்களிலும் அணியை வெற்றிபெறச் செய்த, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரான ஆஞ்சலோ பெர்டெல்லி, மரைன் படைப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டுவிட, அவரது இடத்துக்கு வந்த 18 வயது ஜானி லூஜாக், ராணுவக் கல்லூரி அணியை 26-0 என்ற கணக்கில் வீழ்த்தக் காரணமாக இருந்தார். கடைசி ஆட்டத்தில், முடிய அரை நிமிடமே இருந்த வேளையில் கிரேட் லேக்ஸ் கடற்படைத் தள அணி நெடுந்தூரம் பந்தை எறிந்து புள்ளி எடுத்ததால் 14-19 என்று தோற்றபோதும், தேசிய முதலிடம் நோட்டர் டேமுக்கே கிடைத்தது. ஆறே ஆட்டங்கள் ஆடிய பெர்டெல்லிக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அளித்தது மிகவும் நியாயமானது என்றே கருதுகிறேன். லூஜாக்கும் பின்னர் கடற்படையில் பணியாற்றி, 1946-இல் அணிக்குத் திரும்பி, மறு ஆண்டு அதே கோப்பையை வென்றார்.